வகுப்பறை இல்லாத பல்கலைக்கழகம்

திருப்பூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்



1857 செப்டம்பரில் டெல்லிக் கோட்டையைச் சுற்றிப் பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி நிற்குமா விழுமா என்று யாருக்கும் தெரியாத நேரம். அந்த மாதம் 5ஆம் தேதிதான் சென்னையில் பல்கலைக்கழகம் அமைக்கும் சட்டம் நிறைவேறியது. 1857ஆம் ஆண்டின் 27ஆம் சட்டம் அது. கல்கத்தாவுக்கு ஜனவரியிலும் பம்பாய்க்கு ஜூலையிலும் அதே மாதிரிச் சட்டங்கள் வந்துவிட்டன. சென்னை கடைசி. அந்த ஆண்டே மெட்ரிகுலேஷன் என்ற நுழைவுத் தேர்வும் நடந்துவிட்டது. எழுதியவர்கள் 41 பேர், தேறியவர்கள் 36 பேர். அடுத்து வந்த முதல் பி.ஏ. தேர்வுக்கு உட்கார்ந்தவர்கள் இரண்டே பேர். இருவரும் தேறினார்கள். இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள்.

ஒரு பல்கலைக்கழகம் வருடா வருடம் எப்படி வளர்ந்தது என்று கேட்டால், அதை எதைக் கொண்டு அளந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். சென்னையில் தலையை எண்ணினார்கள். எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள், அவர்கள் எந்தக் கல்லூரி, எந்த வகுப்பு என்பதுதான் கணக்கு. கல்வித் துறையின் ஆண்டறிக்கையிலும், பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் அச்சிட்ட தடித்த கேலண்டரிலும் பக்கம் பக்கமாக இந்தக் கணக்கு இருக்கிறது. 41 பேரில் தொடங்கிய மெட்ரிகுலேஷன் 1880களில் ஆயிரக்கணக்கில் வந்து நின்றது. எழுதியவர்களில் பாதிக்கு மேல் தோற்ற ஆண்டுகள் பல. அதையும் அச்சிட்டார்கள், வெட்கப்படவில்லை. தோல்வி அதிகமாக இருந்தால் தேர்வு தரமாக இருக்கிறது என்று பொருள் கொண்டார்கள்.

பாடம் நடத்துவது அந்தப் பல்கலைக்கழகத்தின் வேலையாக இருக்கவில்லை. 1854இல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை, லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் காட்டியது. லண்டன் அப்போது தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்பு மட்டுமே. சென்னையும் அப்படியே அமைந்தது. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. நூல் ஓர் இடம், நிட்டிங் ஓர் இடம், சாயம் ஓர் இடம், தையல் ஓர் இடம். கடைசியில் பையரின் ஆள் டேப்பை எடுத்துக்கொண்டு வருவார். பெட்டியைப் பிரிப்பார், அளப்பார், ஓட்டை தேடுவார், பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவர் ஒரு தையல்கூடப் போட்டதில்லை. ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் சரக்கு கப்பல் ஏறாது. 1857 முதல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் செய்தது அந்த வேலையைத்தான். கும்பகோணமும் திருச்சியும் திருவனந்தபுரமும் பெங்களூரும் ராஜமகேந்திரவரமும் தைத்து அனுப்பின. ஹைதராபாத் நிஜாம் கல்லூரிகூட அனுப்பியது. சென்னை செக்கிங் பார்த்தது.

முதல் இரண்டு பட்டதாரிகளையே எடுத்துக்கொள்ளலாம். சி.வை. தாமோதரம் பிள்ளை 1832இல் யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்தவர். கறோல் விசுவநாத பிள்ளை கணிதத்தில் வல்லவர், தமிழில் பீஜகணித நூல் எழுதியவர். இருவரும் வளர்ந்தது அமெரிக்க மிஷனரிகள் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில். அந்த செமினரியை மிஷன் 1855இல் மூடிவிட்டது. அதாவது சென்னைப் பல்கலைக்கழகம் பிறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே மூடிப்போன, கடல் தாண்டிய ஒரு பள்ளியின் உழைப்புதான் சென்னையின் முதல் வெற்றியாகக் கணக்கில் ஏறியது. கேலண்டரில் வட்டுக்கோட்டைக்கு நன்றி சொல்ல இடம் ஏது!

சென்னையில் பள்ளியே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. 1839 நவம்பரில் சென்னை நகரத்தார் எழுபதாயிரம் கையெழுத்துகளோடு ஒரு விண்ணப்பத்தை கவர்னர் எல்பின்ஸ்டனிடம் கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். எங்களுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும், கல்லூரி வேண்டும், அதற்கான செலவில் எங்கள் பங்கையும் தருகிறோம் என்பது கோரிக்கை. அதன் பலனாக 1841இல் ஓர் உயர்நிலைப் பள்ளி திறந்தது. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த இயர் பர்ட்டன் பவல் தலைமையேற்றார். பிறகு திருவாங்கூர், இந்தூர், பரோடா மூன்றுக்கும் திவானாக இருந்த டி. மாதவராவ் அவர் மாணவர். உயர் நீதிமன்ற நீதிபதியான டி. முத்துசாமி ஐயரும் அவர் மாணவரே. தஞ்சாவூர் மாவட்டத்தில் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்குக் கிராமக் கணக்கு எழுதிய சிறுவனாக இருந்தவர் முத்துசாமி ஐயர். அந்தப் பள்ளிதான் 1855இல் பிரசிடென்சி கல்லூரி ஆயிற்று. ஆக, பட்டம் வருவதற்கு முன்பே படிப்பு வந்துவிட்டது. எழுபதாயிரம் பேர் கையெழுத்துப் போட்டு விதைத்ததன் அறுவடையைத்தான் பல்கலைக்கழகம் பிறகு எண்ணிக்கொண்டிருந்தது.

எண்ணிக்கையில் ஏறியவர்கள் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? பெரும்பாலோர் சர்க்கார் உத்தியோகம், இல்லாவிட்டால் வக்கீல் தொழில். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் தாமோதரம் பிள்ளை வேறொன்றும் செய்தார். வரவு செலவுக் கணக்கு இலாகாவில் வேலை, 1871இல் பி.எல்., கும்பகோணத்தில் வக்கீல் தொழில், புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவி என்று நடந்துகொண்டே, செல்லரித்த ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடி அச்சுக்குக் கொண்டுவந்தார். வீரசோழியம் 1881. இறையனார் அகப்பொருள் 1883. தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையோடு 1885. கலித்தொகை 1887. அவர் பி.ஏ. தேர்வில் இந்த நூல்களில் ஒன்றும் பாடமாக இருந்திருக்க வழியில்லை, ஏனென்றால் இவை அச்சிலேயே இல்லை. பல்கலைக்கழகம் பாஸ் போட்ட முதல் மனிதர், அது கேட்கத் தெரியாத கேள்விக்கு வாழ்நாள் முழுவதும் விடை எழுதினார்.

அதே கும்பகோணத்தில், அரசுக் கல்லூரியில், பட்டமே இல்லாத ஒருவர் 1880இலிருந்து எஃப்.ஏ. (பி.ஏ.வுக்கு முந்தைய படி), பி.ஏ. மாணவர்களுக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தார். உ.வே. சாமிநாதையர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, சென்னைத் தேர்வு எதையும் அவர் எழுதியதில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் குருகுலவாசமாகப் படித்தவர். அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், ஐயர் ஒப்பித்த அந்தாதி, கலம்பகப் பட்டியலைக் கேட்டுத் திருப்திப்படாமல் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்ட கதை தமிழ் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். கேட்டவர் ஆங்கிலம் படித்தவர், கேள்விக்குப் பதில் தேடியவர் படிக்காதவர். 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. இடையில் அதைத் தானே பதிப்பிக்கிறேன் என்று தாமோதரம் பிள்ளை கேட்டதும், ஐயர் சுவடியை விட்டுக்கொடுக்க மறுத்ததும் உண்டு. முதல் பட்டதாரிக்கும் பட்டமில்லாத பண்டிதருக்கும் நடந்த அந்தச் செல்லச் சண்டையால் தமிழுக்கு லாபமே தவிர நஷ்டம் இல்லை. ஆண்டறிக்கையில் அதற்கு ஒரு வரி கிடையாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு கட்டடம் எழுந்தது. பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ். ராபர்ட் சிஷோம் வரைந்த கட்டடம். நான்கு மூலையிலும் கோபுரங்கள், குவிமாடங்கள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். இந்தோ-சாரசெனிக் பாணிக்கு இன்றைக்கும் கட்டடக் கலை மாணவர்களைக் கூட்டிப்போய்க் காட்டும் இடம். மெரினா பக்கம் போனவர்கள் சிவப்பாக அது நிற்பதைப் பார்த்திருப்பார்கள். 1874இல் தொடங்கி 1879இல் முடிந்தது.

அந்த ஆண்டுகளை மறுபடி ஒரு தரம் பார்க்க வேண்டும். 1876 முதல் 1878 வரை. தாது வருஷப் பஞ்சம். இந்தப் பக்கத்துக் கிழவிகள் ஒரு தலைமுறை முன்பு வரை பெயர் சொல்லிப் பயந்த பஞ்சம். கோயம்புத்தூர், சேலம் மாவட்டங்கள் கடுமையாக அடிபட்டன. அன்றைய திருப்பூர் கோயம்புத்தூர் மாவட்டத்துப் பல்லடம் தாலுகாவில் ஒரு சிற்றூர். சென்னையிலிருந்து பேப்பூர் வரை 1862இலேயே ஓடத் தொடங்கிய ரயில் இந்த வழியாகத்தான் போனது. தண்டவாளம் இருந்தும் பட்டினி நிற்கவில்லை. மாகாணம் முழுவதும் லட்சக்கணக்கில் மடிந்தார்கள். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று, பஞ்சத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. நாள் முழுவதும் மண் வெட்டுகிறவனுக்கு அது காணாது என்று மருத்துவர்களே சண்டை போட்டார்கள்.

சென்னைக்குப் பிழைக்க ஓடிவந்த பஞ்சத்தாரை வைத்து 1877-78இல் கூவத்துக்கும் அடையாறுக்கும் இடையே கால்வாய் வெட்டினார்கள். அதுதான் பக்கிங்காம் கால்வாயின் நகரப் பகுதி. சேப்பாக்கத்தில் அந்தக் கால்வாய் செனட் ஹவுஸின் முதுகுப் பக்கமாகப் போகிறது. ஒரு புறம் கொத்தர்கள் பட்டமளிப்பு மண்டபத்துக்குக் குவிமாடம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூப்பிடு தூரத்தில் தானியக் கூலிக்கு ஆணும் பெண்ணும் மண் சுமந்தார்கள். கால்வாய்க்குப் பெயர் கொடுத்த பக்கிங்காம் கோமகன் அன்றைய கவர்னர். கவர்னர் என்ற முறையில் பல்கலைக்கழகத்தின் வேந்தரும் அவரே. இரண்டு வேலைக்கும் ஒரே மனிதர் தலைவர். பஞ்ச ஆண்டுகளிலும் தேர்வு நடந்தது, பட்டியல் வந்தது. கேலண்டரை மட்டும் படிக்கிறவர் அந்த ஆண்டுகளில் மாகாணத்தில் மழை பொய்த்ததென்றே ஊகிக்க முடியாது.

இந்தக் கணக்கில் கொங்கு நாட்டின் பங்கு என்ன? கோயம்புத்தூர் அரசுக் கல்லூரி 1852இல் பள்ளியாகத் தொடங்கியது, பிறகு எஃப்.ஏ. வரை உயர்ந்தது. பி.ஏ. வேண்டுமென்றால் ரயிலேறிச் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். போகக்கூடிய குடும்பங்கள் சில. அந்தச் சிலவும் எப்படிப்பட்டவை என்பதற்கு ஒரு நேர்ச் சாட்சி உண்டு.

இரட்டைமலை சீனிவாசன் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். அவர் படித்தது கோயம்புத்தூர்க் கலாசாலையில். 1939இல் வெளிவந்த தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் அந்த நாட்களைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். ஏறத்தாழ நானூறு மாணவர்கள் படித்தார்கள், பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து அவர் யாருடனும் சேரவில்லை. ஊர் எது, உறவு யார், வீடு எங்கே என்று எவனாவது கேட்டுவிடுவான் என்பதால் பள்ளிக்கு வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும் யாரும் பிடிப்பதற்குள் வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். ஓடியாடி விளையாட முடியவில்லையே என்ற ஏக்கம் முதுமையிலும் அவருக்குப் போகவில்லை.

மாணவர் எண்ணிக்கை நானூறு என்று கல்வி அறிக்கை எழுதும். மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்தவன் அந்த நானூறில் ஒன்று.

சீனிவாசன் பிறகு 1893இல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டது லண்டன் பாராளுமன்றத்தில் தீர்மானமாக வந்தது. நாட்டுப்பற்றாளர் யாரும் எதிர்க்க மாட்டார்கள் என்று எல்லோரும் நினைத்த கோரிக்கை. சீனிவாசன் எதிர்த்தார். மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்தோடு பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். இங்கே தேர்வு வைத்தால் யார் தேறுவார்கள், தேறியவர்கள் யாரை ஆளுவார்கள் என்பது அவருக்குக் கோயம்புத்தூர் வகுப்பறையிலேயே தெரிந்துவிட்டது. தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான், அது நடுநிலையானது என்ற பேச்சுக்கு அன்றைக்கே வந்த மறுப்பு அது. அந்த மறுப்பு சரி என்று பின்னால் வந்த எண்கள் காட்டின. 1901 முதல் 1911 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பிராமணர்கள் 4,074 பேர். பிராமணரல்லாத இந்துக்கள் 1,035 பேர். மாகாணத்தில் பிராமணர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் இருந்தார்கள். நீதிக்கட்சியின் அரசியல் இந்த எண்களில் முளைத்தது.

மறுபக்கமும் உண்டு. தேறியவர் பட்டியலை நிரப்பிய அதே மேல்தட்டு இளைஞர்கள்தான் வெள்ளையர் பத்திரிகைகளோடு முதலில் மோதியவர்கள். 1878இல் முத்துசாமி ஐயரை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்தபோது ஆங்கிலோ-இந்தியப் பத்திரிகைகள் கரித்துக்கொட்டின. இதற்குப் பதில் சொல்லப் பத்திரிகை இல்லையே என்று ஆறு இளைஞர்கள் சேர்ந்தார்கள். ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியும் ஆசிரியர்கள், மற்ற நால்வர் சட்ட மாணவர்கள். ஒண்ணே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 20ஆம் தேதி பிறந்தது 'தி ஹிந்து'. குமாஸ்தா தயாரிக்கத் தொடங்கிய கல்வி இது என்று மெக்காலேயைத் திட்டிவிட்டு நகர்கிறவர்கள் இந்த ஆறு பேரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் மருத்துவக் கல்லூரி முந்திக்கொண்டது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்தது, அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். 1878இல் கிருபாபாய் சேர்ந்தார், உடம்பு ஒத்துழைக்காமல் ஓராண்டில் நிறுத்தினார், பிறகு ஆங்கிலத்தில் நாவல் எழுதினார். அவர் கணவர் சாமுவேல் சத்தியநாதன்தான் 1894இல் சென்னை மாகாணக் கல்வி வரலாற்றை எழுதியவர். கிருபாபாய் அந்த ஆண்டே காலமானார். சாமுவேலின் இரண்டாம் மனைவி கமலா பட்டம் பெற்று, 1901இல் பெண்களுக்கென்று ஓர் ஆங்கில மாத இதழ் நடத்தினார். தேறியவர் கணக்கை நூலாக்கியவரின் வீட்டிலேயே படிப்பை விட்டவர் ஒருவர், பட்டம் பெற்றவர் ஒருவர்.

தோற்றவர்களுக்கு வருவோம். பெயருக்குப் பின்னால் 'எஃப்.ஏ. பெயில்', 'பி.ஏ. பெயில்' என்று போட்டுக்கொண்டவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். அது கேலியில்லை. அந்த வாசல் வரை போய் வந்தவர் என்பதே வேலைக்கு ஒரு தகுதி. அந்தக் கூட்டத்தில் ஒருவர் இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில், ஈரோட்டில், 1887 டிசம்பர் 22இல் பிறந்தவர். அப்பா கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை. பையன் 1903இல் மெட்ரிகுலேஷன் தேறினான். அந்த ஆண்டு கார் என்பவர் எழுதிய ஒரு கணிதப் புத்தகம் அவன் கைக்கு வந்தது. கார் லண்டனில் தேர்வுக்கு ட்யூஷன் எடுத்தவர், அந்தப் புத்தகமும் தேர்வு எழுதுகிறவர்களுக்காகத் தொகுத்த சூத்திரக் கோவை. ஆயிரக்கணக்கில் சூத்திரங்கள், நிரூபணம் பெயரளவுக்கு. தேர்வுக்காகவே பிறந்த அந்தப் புத்தகம் சீனிவாச ராமானுஜனைத் தேர்வுக்கு உதவாதவனாக ஆக்கிவிட்டது. மற்ற பாடம் எதிலும் மனம் செல்லவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எழுதியும் எஃப்.ஏ. தேறவில்லை. 1907இல் தனியாக எழுதியபோதும் தேறவில்லை.

மீதிக் கதையைச் சொல்லத் தேவையில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய் குமாஸ்தா. 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போன பிறகு, பட்டமே இல்லாத ஒருவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்கலாமா என்று பல்கலைக்கழகத்தில் விவாதம் நடந்தது. விதிப்படி முடியாது என்றவர்கள் இருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் நோக்கமே கல்வியை வளர்ப்பதுதானே என்ற கட்சி வென்றது. மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய். பிறகு இங்கிலாந்து போக ஆண்டுக்கு 250 பவுண்டு. பல்கலைக்கழகத்தை இதற்காகப் பாராட்ட வேண்டும். தான் ரிஜெக்ட் போட்ட சரக்கைத் தானே திரும்ப எடுத்துச் சிரத்தையோடு கப்பலேற்றிய நிறுவனங்கள் அதிகமில்லை. 1916இல் அவருக்கு பி.ஏ. கொடுத்ததென்னவோ கேம்பிரிட்ஜ்.

தேர்வு மட்டும் நடத்திய இந்த ஐம்பது ஆண்டு முறையை மாற்றியது வைஸ்ராய் கர்சன் பிரபு. 1902இல் விசாரணைக் குழு, 1904இல் பல்கலைக்கழகச் சட்டம். அதன் அரசியல் நோக்கம் கசப்பானது, இந்தியர்களின் கையிலிருந்த செனட்டை அரசின் கைக்குக் கொண்டுவருவதும் அதில் அடக்கம். ஆனால் பல்கலைக்கழகம் தானே பாடம் நடத்தலாம், ஆராய்ச்சி செய்யலாம் என்று வழி திறந்ததும் அதே சட்டம்தான். அந்தக் கலவரமான காலத்தில், 1902இல், தமிழையே பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிடப் பார்த்தார்கள். கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் பரிதிமாற் கலைஞரும் மு.சி. பூரணலிங்கம் பிள்ளையும் ஊர் ஊராக ஆதரவு திரட்டி எதிர்த்தார்கள். பரிதிமாற் கலைஞர் அடுத்த ஆண்டே, முப்பத்து மூன்று வயதில், காலமானார்.

1914இல்தான் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஒரு வரலாற்றுப் பேராசிரியர் வந்தார், எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார். 1915இல் பொருளாதாரத்துக்கு இங்கிலாந்திலிருந்து கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். ஸ்லேட்டர் செய்த காரியம் எளிமையானது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, உங்கள் ஊரில் எத்தனை ஏர், எத்தனை கிணறு, யாருக்கு எவ்வளவு கடன், பண்ணையாளுக்கு என்ன கூலி என்று எழுதி வரச் சொன்னார். வடமலைபுரம், கங்கைகொண்டான், தூசி போன்ற ஊர்களைப் பற்றி அப்படி வந்தவை 1918இல் நூலாயின. அதே ஊர்களுக்குப் பிற்காலத்தில் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். 1857 முதல் மாணவர்களிடம் கேள்வி மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த பல்கலைக்கழகம், அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டது அப்போதுதான். உண்மையான வளர்ச்சி என்று குறித்துக்கொள்ள வேண்டிய ஆண்டு 1916. அந்த ஆண்டு ஆய்வு தொடங்கியது. எத்தனை பேர் பாஸ் என்பது அந்த ஆண்டைப் பொறுத்தவரை சில்லறை விஷயம்.

திருப்பூருக்குப் பட்டம் வந்த கதை சுருக்கமானது. இந்த ஊரில் 1903இல் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை போய்ப் பச்சையப்பனில் பி.ஏ.வும் பிறகு சட்டமும் படித்தார். 1930இல் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். அவர் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனை ஆசிரியராக வைத்துத் தமிழில் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தது. இருவருமே கொங்கு நாட்டார். இந்த ஊரிலேயே பட்டப்படிப்புக்கு ஒரு கல்லூரி, சிக்கண்ணா கல்லூரி, வர 1960கள் ஆயிற்று. அதற்குள் பனியன் கம்பெனிகள் தொடங்கி ஒரு தலைமுறை கடந்துவிட்டது. 1982இல் பாரதியார் பல்கலைக்கழகம் அமையும் வரை இங்கே படித்தவர்களின் சான்றிதழில் இருந்ததும் சேப்பாக்கத்து முத்திரைதான்.

கேலண்டர்கள் நூலகங்களில் இருக்கின்றன. தேறியவர்கள் பெயரை அவற்றில் தேடலாம். தோற்றவர்கள், கட்டணம் கட்ட முடியாமல் பாதியில் ஊர் திரும்பியவர்கள், மணி அடிக்கும்வரை வெளியே நின்றவர்கள் பெயர் அவற்றில் கிடையாது. அது இருந்தால் வீடுகளில்தான் இருக்கும். பழைய மெட்ரிகுலேஷன் சான்றிதழ், கோயம்புத்தூர்க் கல்லூரியில் கட்டணம் கட்டிய ரசீது, சென்னையில் படித்த பாட்டனார் பணம் கேட்டு எழுதிய கார்டு, அந்தச் செலவைக் குறித்து வைத்த பேரேடு என்று எது உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். ஒரு நகல் எடுத்து உள்ளூர் கல்லூரி வரலாற்றுத் துறைக்கோ, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.